அரங்கேறிய ஆசிரியர்கள்

நுழையும்முன்

இசையை உயர்கல்விப் பாடமாகத் தேர்ந்தெடுக்க விரும்பும் மாணவர், விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே ஒரு கேள்வியைச் சந்திக்கின்றனர். மேடையில் நிகழ்த்துவதற்காகப் பயில்வதா, வகுப்பறையில் பயிற்றுவதற்காகப் பயில்வதா என்பதே அக்கேள்வி. சென்னையின் மேற்குப் புறநகர் வீடுகளில் எழும் இக்கேள்வியைச் சிலப்பதிகாரம், நன்னூல், சென்ற நூற்றாண்டின் இசைப் பெரியோர் சிலரது வாழ்க்கை ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

புறநகரில் ஒரு கேள்வி

ஆவடியிலிருந்து சென்னை நோக்கி வரும் காலைத் தொடர்வண்டியில் இசைக்கருவிகளைக் காண்பது அரிது. சாப்பாட்டுப் பைகளும், தொழிற்சாலை அடையாள அட்டைகளும், நுழைவுத்தேர்வுப் பயிற்சி நூல்களுமே மிகுதி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964 ஆம் ஆண்டில் உருவானது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்ததும் அதே பத்தாண்டில்தான். இவ்விரண்டையும் நம்பி வந்து குடியேறிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்று மேல்நிலைப் பள்ளிகளில் பயில்கிறது. மாதந்தோறும் வரும் ஊதியம், வைப்புநிதி, ஓய்வுபெறும் நாள் ஆகியவற்றைக் கொண்டே ஒரு வேலையை மதிப்பிட இவ்வீடுகள் பழகியுள்ளன. இதில் குறைகாண ஏதுமில்லை. அந்த ஊதியம்தான் பிள்ளைகளின் பாட்டு வகுப்புக் கட்டணத்தையும் செலுத்தியது.

இப்பகுதிக்கு இசை புதியதன்று. தொழிற்சாலைகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திருமுல்லைவாயிலைச் சுந்தரரும் திருவேற்காட்டைத் திருஞானசம்பந்தரும் பாடியுள்ளனர். இரண்டும் தேவாரப் பாடல் பெற்ற தொண்டைநாட்டுத் தலங்கள். இன்றும் மாலைவேளையில் அம்பத்தூரின் குறுக்குத் தெருக்களில் நடப்போர், ஏதேனும் ஒரு மாடிவீட்டிலிருந்து சரளி வரிசையையும், அடுத்த தெருவில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் ஒத்திகையையும், அதற்கடுத்த வீட்டில் கீபோர்டில் தட்டுத்தடுமாறி வரும் திரைப்பாடலையும் கேட்கலாம்.

அத்தகைய மாடிவீடு ஒன்றில் எட்டு ஆண்டுகள் பயின்ற மாணவி, பதினோராம் வகுப்பில் தன் விருப்பத்தை வீட்டில் சொல்கிறாள் என்று கொள்வோம். தந்தை மறுப்பதில்லை. "பாட்டுதான் படிக்கணும்னா படிம்மா. ஆனா, நாளைக்கு டீச்சர் வேலைக்கு ஆகுற மாதிரி படி" என்கிறார். பாட்டு ஆசிரியைக்கோ அச்சொல் நோகிறது. "இத்தனை வருஷம் சாதகம் பண்ணினது சின்னப் பிள்ளைங்களுக்கு சரிகமபதநி சொல்லிக்கொடுக்கவா?" என்று கேட்கிறார். அவ்வாறு கேட்கும் ஆசிரியை, அந்த மாதத்துக் கட்டணத்தை அப்போதுதான் எண்ணி வாங்கியிருப்பார் என்பது வேறு செய்தி. இருவரும் மாணவியின் நலம் நாடியே பேசுகின்றனர். ஆனால், மேடை உயர்ந்தது, பயிற்றுதல் அதற்கு அடுத்தது என்னும் எண்ணம் இருவர் சொல்லிலும் உள்ளது. தந்தை அந்த இரண்டாம் இடத்தைப் பாதுகாப்பானது என்று கருதுகிறார். ஆசிரியை அதனைத் தாழ்வு என்று கருதுகிறார். இவ்வெண்ணம் தமிழ் மரபுக்கு உரியதுதானா என்று பார்ப்பது நல்லது.

மாதவியின் அரங்கில் இருந்தவர்கள்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேறியதைக் கூறுகிறது. அவள் ஆடுவதற்கு முன்னர் இளங்கோவடிகள் நீண்டதொரு பகுதியை வேறு சிலருக்காக ஒதுக்குகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் புனையும் கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துரைக்கிறார். அவை வெறும் புகழுரைகள் அல்ல. இசையாசிரியன் எவற்றைப் பிரித்தறிய வேண்டும், குழலோன் துளைகளில் விரல்களை எவ்வாறு ஆள வேண்டும், யாழோன் நரம்புகளை எவ்வாறு நிறுத்த வேண்டும் எனத் தொழில்நுட்பத்தோடு பேசுகிறார்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஏழாண்டுகள் மாதவியைப் பயிற்றுவித்தோரை அரங்கின் பின்னே நிறுத்திவிட்டு, வேறொரு குழுவினர் அவளுக்காக வாசிக்கவில்லை. ஆசிரியன் என்று பெயர் பெற்றவரே அரங்கில் இருந்து இசைக்கின்றனர். கற்பிக்க அறிந்தவன் நிகழ்த்தவும் வல்லவனாக இருத்தல் அக்காலத்து இயல்பு என்பது இதனால் விளங்கும். பயிற்றுநர் ஒருவர், நிகழ்த்துநர் வேறொருவர் என்னும் பிரிவு, பட்டப்படிப்புகளும் பணி நியமன விதிகளும் வந்தபின் வலுப்பெற்றது.

அப்பிரிவு தோன்றத் தொடங்கிய காலத்திலும் தமிழ்நாட்டு இசையுலகம் அதனை முழுமையாக ஏற்கவில்லை. 1928 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை மியூசிக் அகாடமி, கச்சேரிகளுக்காகவே பெரிதும் அறியப்படுவது. அவ்வமைப்பு 1931 ஆம் ஆண்டில் ஒரு கல்லூரியை நிறுவியபோது அதற்கு இட்ட பெயர் 'கருநாடக இசை ஆசிரியர் கல்லூரி' என்பதாகும். அதன் முதல் முதல்வர் டைகர் வரதாச்சாரியார். கற்பனை வளத்தால் அவையோரைக் கட்டிப்போட்ட பாடகர் அவர். மேடைக் கலைஞருள் தலைசிறந்த ஒருவரையே ஆசிரியர்களை உருவாக்கும் பணிக்கு அமர்த்தினர்.

முசிறியும் இராமநாதனும்

முசிறி சுப்பிரமணிய ஐயரின் வாழ்க்கை, தந்தை சொன்னதையும் பாட்டு ஆசிரியை சொன்னதையும் ஒருங்கே வைத்து எண்ணிப்பார்க்க உதவும். 1899 ஆம் ஆண்டில் பிறந்த அவர், நாற்பது வயதில் சங்கீத கலாநிதி விருது பெற்றார். துக்காராம் திரைப்படத்தில் நடித்துப் பாமர மக்களிடமும் புகழ் பெற்றிருந்தார். ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதன் பொருளும் உணர்ச்சியும் துலங்கும்படி மீண்டும் மீண்டும் விரித்துப் பாடும் நிரவலில் அவருக்கு நிகர் இல்லை என்பர். உடல்நலக் குறைவு அவரை மேடையிலிருந்து விலக்கியது. 1949 ஆம் ஆண்டில் சென்னையில் அரசு சார்பில் கருநாடக இசை மத்தியக் கல்லூரி தொடங்கப்பெற்றபோது, அதன் முதல்வர் பொறுப்பு அவரிடம் வந்தது. பல ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்தார். இன்று அடையாற்றின் கரையில், பிராடி மாளிகை என்று முன்னர் வழங்கிய பழைய கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு அரசு இசைக்கல்லூரி அதுவே.

கச்சேரி செய்ய இயலாமையால் கற்பிக்கச் சென்றார் என்று இதனைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஆனால், அவரிடம் பயின்ற டி. கே. கோவிந்த ராவ் பின்னாளில் அதே சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாடாத குரலின் நிரவல், மாணவர்தம் குரல்களில் தொடர்ந்தது.

எனினும், முசிறியின் வாழ்க்கை பதினேழு வயது மாணவிக்கு நேரடியாகப் பொருந்தாது. அவர் புகழின் உச்சியைத் தொட்டபின் வகுப்பறைக்கு வந்தவர். தொடக்கத்திலேயே கல்லூரி வழியாக இசைக்குள் நுழைந்து, கடைசிவரை இரண்டையும் விடாது செய்த ஒருவர் வேண்டுமாயின், எஸ். இராமநாதனையே சுட்ட வேண்டும்.

1917 ஆம் ஆண்டில் தென்னார்க்காட்டு வளவனூரில் பிறந்தவர் இராமநாதன். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைக்கல்லூரியில் சேர்ந்து 'சங்கீத பூஷணம்' பட்டம் பெற்றார். ஒரு குருவின் வீட்டில் பல்லாண்டுகள் இருந்து கற்பதே இசைக்கல்வி என்று பலர் கருதிய காலம் அது. இராமநாதன் கற்றதோ கால அட்டவணையும் தேர்வும் உள்ள கல்லூரியில். ஆனால், அங்கே வகுப்பெடுத்தோர் டைகர் வரதாச்சாரியார், சபேச ஐயர், தஞ்சாவூர் பொன்னையா பிள்ளை போன்றோர். கல்லூரிக்குள் குருகுலம் நடந்தது எனலாம்.

பட்டம் பெற்றபின் அவர் பாடினார், வீணை வாசித்தார், சென்னை மத்தியக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார், மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராகவும் விளங்கினார். அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, அங்கேயே முனைவர் பட்ட ஆய்வும் மேற்கொண்டார். ஆய்வுப்பொருள், சிலப்பதிகாரத்தில் இசை. இளங்கோவடிகள் விரித்த இசையாசிரியனின் இலக்கணத்தை, இசையாசிரியர் ஒருவரே கடல்கடந்து சென்று ஆராய்ந்தார். அரும்பத உரைகாரரும் அடியார்க்கு நல்லாரும் விட்டுச்சென்ற குறிப்புகளைப் பாடிப் பார்த்துப் பொருள் காணும் திறம், வெறும் நூலறிவு உடையோர்க்கு வாய்ப்பதன்று. குரலும் வீணையும் கைவந்திருந்ததால் அது அவருக்கு இயன்றது. மேடைப் பயிற்சி வகுப்பறைக்குப் பயன்பட்ட வகை இது.

மறுதலையாக, வகுப்பறை மேடைக்குப் பயன்பட்டதையும் அவர் வாழ்விற் காணலாம். எதையும் விளக்கிச் சொல்லிப் பழகியவர் ஆதலின், அவருடைய விளக்கவுரையோடு கூடிய இசை நிகழ்ச்சிகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. 1985 ஆம் ஆண்டில் அவரும் சங்கீத கலாநிதி ஆனார். அவருடைய மாணவியருள் ஒருவரான எஸ். சௌம்யா, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் முதுகலை பயின்றவர். அவரும் அதே விருதினை 2019 ஆம் ஆண்டில் பெற்றதுடன், பின்னர்த் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பொறுப்பேற்றார்.

குழலிசைக் கலைஞர் டி. விஸ்வநாதனும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். வீணை தனம்மாளின் பேரன். நாட்டியக் கலைஞர் பாலசரசுவதியின் தம்பி. திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் மாணவர். மேடைக்கென்றே பிறந்தவர் என்று எவரும் சொல்லத்தக்க குடும்பப் பின்னணி. அவர் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவராக இருந்து, பின்னர் வெசுலியனில் 1975 முதல் 2002 இல் மறையும்வரை கற்பித்தார். ஹிக்கின்ஸ் பாகவதர் என்று தமிழர் அன்போடு அழைத்த ஜான் ஹிக்கின்ஸ் அவருடைய மாணவரே.

படிப்புகளின் அமைப்பு

அமெரிக்கா போன்ற நாடுகளில் இசை நிகழ்த்துகலைப் பட்டமும் இசைக்கல்விப் பட்டமும் முதலாண்டிலேயே தனித்தனி வழிகளாகப் பிரிந்துவிடுகின்றன. இசைக்கல்வி பயிலும் மாணவர் தம் முதன்மைக் கருவியோடு பிற கருவிகளின் அடிப்படைகளையும், குழுவை நடத்தும் முறையையும் கற்று, பள்ளியொன்றில் பயிற்சி ஆசிரியராகப் பல வாரங்கள் பணியாற்றியபின்னரே உரிமம் பெறுவர். நிகழ்த்துகலை மாணவர்க்கு அந்நேரம் முழுவதும் தம் கருவியோடு கழியும்.

தமிழ்நாட்டில் அத்தகைய பிரிவு தொடக்கத்திலேயே நேர்வதில்லை. இங்குப் பெரும்பாலும் முதலில் இசை. பிறகுதான் பயிற்றும் முறை. சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக்கல்லூரிகள் உள்ளன. மாவட்ட அளவில் 17 அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் பயிற்சி அளிக்கின்றன. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் எட்டும் காஞ்சிபுரத்தில் அவற்றுள் ஒன்று உள்ளது. இராணி மேரி கல்லூரி போன்றவை இசையை இளங்கலைப் பாடமாக நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றன. 2013 ஆம் ஆண்டில் உருவான இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்திற்குத் தமிழ்நாட்டு முதலமைச்சரே வேந்தர். இவற்றுள் எதில் சேர்ந்தாலும், முதற்கட்டக் கல்வி பாடுவதும் வாசிப்பதும் இசையிலக்கணமுமே. ஆசிரியப் பயிற்சி அதற்குப் பின்னர் வருகிறது. இசைக் கல்வியை முடித்தோர்க்கு இசைக்கல்லூரியில் ஓராண்டு இசையாசிரியர் பயிற்சி உண்டு.

ஆகவே, தந்தையும் பாட்டு ஆசிரியையும் வாதிடும் முடிவைப் பதினேழு வயதிலேயே எடுத்தாக வேண்டிய கட்டாயம் இங்கில்லை. இது பெரிய ஆறுதல். ஆனால், ஓர் இடர்ப்பாடும் இதில் அடங்கியுள்ளது. முடிவு தள்ளிப்போவதால், பயிற்றுதலைப் பற்றி எண்ணாமலே மூன்றாண்டுகள் கழிந்துவிடும். பட்டம் கைக்கு வந்தபின், மேடை வாய்ப்புகள் கிட்டாத சூழலில், வேறு வழியின்றி ஆசிரியப் பயிற்சியில் சேர்வோர் உளர். அவ்வாறு வருபவர் தம் மாணவர் முன்னிலையில் எப்போதும் ஒரு தோல்வியைச் சுமந்து நிற்பர். பிள்ளைகள் அதனைக் கண்டுகொள்வர்.

ஐம்பத்தைந்து விநாடிகள்

பயிற்றுதல் எளிய தொழில் என்போர், ஒரு பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தைச் சிறிது நேரம் உற்றுக் கேட்டல் வேண்டும். மனோன்மணீயம் சுந்தரனார் இயற்றிய தமிழ்த்தாய் வாழ்த்தினைத் தமிழ்நாடு அரசு 2021 ஆம் ஆண்டு டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தது. முல்லைப்பாணி எனப்படும் மோகன இராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாடப்பெற வேண்டும் என்பது ஆணை. மோகனத்தில் மத்தியமமும் நிடாதமும் இல்லை, ஐந்தே சுரங்கள். உலகின் பல பகுதிகளில் குழந்தைப் பாடல்கள் ஐந்து சுர அமைப்பில் இருப்பதைக் காணலாம். எனவே, இதைவிட எளிதாகப் பள்ளிப் பாடல் ஒன்று அமைதல் அரிது என்று தோன்றும்.

பாடும்போதுதான் சிக்கல் தெரியும். எழுநூறு பேர் சேர்ந்து பாடுகையில் காந்தாரம் சற்றே தாழ்ந்துவிடும். அதனைப் பற்றிக்கொண்டு அடுத்த அடியும் தாழும். இறுதி அடியில் சுருதி எங்கோ இறங்கி நிற்கும். மூன்றன் நடை, சலிப்புற்ற குரல்களில் நான்கன் நடையாக மாறிவிடுவதும் உண்டு. தாழ்ந்த சுருதியில் பாடிப் பழகிய ஆடவர் ஒருவர், தம் ஒரு கட்டையிலேயே எடுத்துக்கொடுத்தால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கீழ்ச்சுரங்களை எட்டமாட்டாமல் முனகுவர். எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவரின் குரல்கள் உடையும் பருவம் அது. நேற்றுவரை மேல்சட்சத்தைத் தொட்ட சிறுவன் இன்று வாயைத் திறக்கவே கூசுவான். அவனை ஏளனம் செய்யாமல், அவன் குரலுக்கு ஏற்ற இடத்தைக் காட்டி, ஓராண்டு பொறுத்திருக்கச் செய்வது இசையாசிரியரின் வேலை. அந்த ஓராண்டில் பாடுவதை விட்டவர்கள் பிறகு வாழ்நாள் முழுதும் பாடாமலே இருந்துவிடுவதுண்டு.

இத்தகைய அறிவு கச்சேரிப் பயிற்சியினால் மட்டும் வருவதன்று. சிறந்த பாடகர் ஒருவருக்குத் தம் காந்தாரம் எப்படி அமைந்தது என்றே தெரியாமல் இருக்கலாம். ஐந்து வயதிலேயே அது அமைந்துவிட்டது. அமையாத பிள்ளைக்கு அதனை அமைத்துக்கொடுக்க வேறொரு திறம் வேண்டும். நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் ஆகத் தகாதோர்க்குக் கூறும் உவமைகளை மாணவர் அறிவர். பஞ்சு திணித்த பருத்திக் குண்டிகையிலிருந்து சிறிது சிறிதாகப் பிடுங்கியே எடுக்க வேண்டும். மடற்பனை, தானாக விழுந்தாலன்றிக் கனி தராது. கழற்காய் பெய்த குடம், போட்ட முறை மாற்றி வெளியே தள்ளும். முடத்தெங்கு, நீர் ஊற்றியவரை விட்டு வேறெவருக்கோ காயைக் கொடுக்கும். இசையுலகில் பெரும்புலமை உடையோருள் சிலர் பருத்திக் குண்டிகையாக இருந்ததுண்டு. அவர்தம் மேடைப் புகழில் ஒரு சிறிதும் குறையில்லை. ஆனால், மாணவர் ஆண்டுக்கு ஒரு கீர்த்தனை பெறவும் பாடுபட்டனர்.

அங்கேரி நாட்டு இசையமைப்பாளர் சோல்தான் கோடாய், புகழ்பெற்ற இசைக்குழுக்களுக்காக எழுதியவர். அவர் தம் வாழ்வின் பெரும்பகுதியைத் தொடக்கப் பள்ளிகளின் பாட்டு வகுப்பைச் சீர்செய்வதில் செலவிட்டார். நாட்டுப்புறப் பாடல்களைக் கொண்டு, கருவிகளுக்கு முன்பு குரலைப் பயிற்றுவது அவர் முறை. அதனைப் பின்பற்றிய இசைத் தொடக்கப்பள்ளி 1950 ஆம் ஆண்டில் அவருடைய பிறந்த ஊரான கெச்கெமேட்டில் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டிலும், சட்டம் பயின்ற பி. சாம்பமூர்த்தி, வழக்காடுவதை விடுத்து, தென்னிந்திய இசையைப் படிநிலைப் பாடநூல்களாக ஆறு தொகுதிகளில் எழுதினார். இன்றும் இசை மாணவர் தேர்வுக்குப் படிப்பது அவற்றைத்தான்.

ஊதியமும் குரலும்

தந்தையின் அச்சத்தைப் புறந்தள்ளுதல் முறையன்று. மேடையை மட்டும் நம்புவோர்க்கு வருவாய் சீராக வருவதில்லை. மார்கழியில் சென்னைச் சபைகள் இளையோர்க்குத் தரும் பிற்பகல் மேடையில் கூட்டம் குறைவு. கைக்கு வரும் தொகை, பக்கவாத்தியக் கலைஞர்க்கும் போக்குவரத்துக்கும் போதாமற் போவதும் உண்டு. மயிலாப்பூரில் வாழ்வோர் நடந்து செல்லும் சபைக்கு, ஆவடியில் வாழ்வோர் தம்புராவைச் சுமந்துகொண்டு இரண்டு வண்டிகள் மாறிச் செல்ல வேண்டும். இரவு திரும்பவும் வேண்டும். இத்தொலைவும் ஒரு செலவே. வானொலி நிலையத்தின் குரல் தேர்வில் வென்று 'பி' தரம் பெற்று, 'பி உயர்', 'ஏ' என ஏறுவதற்குப் பல்லாண்டுகள் ஆகும்.

ஆனால், ஆசிரியப் பணி நிலையானது என்னும் நம்பிக்கையையும் சற்றே உரைத்துப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் இசையாசிரியர் இடங்கள் ஏனைய பாடங்களோடு ஒப்பிட மிகக் குறைவு. 2012 ஆம் ஆண்டில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி முதலியவற்றிற்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பெற்றபோது தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். பின்னர் அது உயர்த்தப்பெற்றது எனினும், முழுநேரப் பணிக்கு ஈடாகாது. ஆவடியைச் சுற்றியுள்ள கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் தொடக்க நிலைக்கு இசையாசிரியர் பணியிடம் உண்டு. அதற்கு இசையில் இளங்கலைப் பட்டம் வேண்டும். எத்துணைப் பெரிய குருவிடம் கற்றிருப்பினும், பட்டம் இன்றி அந்த விண்ணப்பத்தை நிரப்ப இயலாது. தனியார் பள்ளிகளில் வாய்ப்புகள் பெருகியுள்ளன; ஊதியம் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். வீட்டு வகுப்புகளும் இணையவழி வகுப்புகளும் இன்று இசைக்கலைஞர் பலரின் உண்மையான வருவாய். மேடைக் கலைஞர் என்று பெயர் பெற்றோரும் பகற்பொழுதில் ஆசிரியரே. ஆதலால், எந்தப் பட்டத்தைத் தேர்ந்தாலும் கற்பிக்கும் வேலையிலிருந்து தப்ப வழியில்லை. நன்றாகக் கற்பிக்கப் பயின்றிருக்கிறோமா என்பதுதான் எஞ்சும் கேள்வி.

கல்லூரி ஆசிரியராக விரும்புவோர்க்கு இன்னொரு வாயிலும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள், புகழ்பெற்ற ஆசான்களிடம் பயின்று, வானொலியின் 'ஏ' தரம் பெற்ற கலைஞரையும் இசைத்துறை உதவிப் பேராசிரியராக ஏற்க இடமளிக்கின்றன. அவ்விதியிலும் பாடத்தைக் காரணகாரியத்தோடு விளக்கும் திறன் வேண்டும் என்று தனியே குறிக்கப்பட்டுள்ளது. விதியை எழுதியோர் நன்னூலைக் கற்றிருந்தனரோ இல்லையோ, பருத்திக் குண்டிகையை அறிந்திருந்தனர்.

பெற்றோர் எண்ணிப்பாராத செலவு ஒன்றும் உண்டு. அது குரல். நாள்தோறும் ஆறு பாடவேளைகள், ஒலிபெருக்கி இல்லாத வகுப்பறையில் குரலுயர்த்திப் பாடுவோர்க்குத் தொண்டை கட்டுவதும், குரல்நாண்கள் தடிப்பதும் நேரும். மாலையில் வீடு திரும்பியபின் சாதகம் செய்யக் குரல் இருப்பதில்லை. சாதகம் குறைந்தால் மேடை விலகும். சில ஆண்டுகளில் வகுப்பறைப் பாட்டும் மெலியும். இராமநாதனும் விஸ்வநாதனும் இரண்டையும் காத்துக்கொண்டது பட்டத்தின் பெயரால் அன்று. நாளின் ஒரு பகுதியை எவருக்கும் தராமல் தம் கருவிக்கென வைத்துக்கொண்டதே அதற்கு அடிப்படை. ஆவடியிலிருந்து அடையாறு வரை நாள்தோறும் சென்று திரும்பும் மாணவிக்கு மூன்று மணி நேரம் வழியிலேயே கழியும். தந்தையோடு பேசித் தீர்க்க வேண்டியது பட்டத்தின் பெயரைவிட இந்த மூன்று மணி நேரத்தைத்தான். கல்லூரிக்கு அருகே விடுதி கிடைக்குமா, வைகறையில் வீட்டில் பாடினால் அண்டை வீட்டார் பொறுப்பார்களா, தம்பியின் தேர்வுக் காலத்தில் எந்த அறையில் தம்புரா ஒலிக்கும் என்பன போன்ற சிறு கேள்விகளுக்கு விடை கண்ட வீடுகளில் இசை தொடர்கிறது.

தனக்கு எது இயலும் என்பதை அறிய மாணவி கல்லூரி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சபையொன்றில் பிற்பகல் கச்சேரியை முழுமையாக அமர்ந்து கேட்டு, பாடுபவர் வெற்று நாற்காலிகளின் முன் எவ்வாறு மனந்தளராது பாடுகிறார் என்று காணலாம். தன் தெருவில் ஐந்து குழந்தைகளை அழைத்து, ஒரு வாரம், நாளுக்கு அரைமணி நேரம், தமிழ்த்தாய் வாழ்த்தினைச் சுருதி பிறழாமல் பாடக் கற்பித்தும் பார்க்கலாம். ஐவருள் ஒரு குழந்தைக்கேனும் காந்தாரம் நிற்காது. ஏழாம் நாள் மாலையில் அக்குழந்தைக்கு எட்டாவது முறையாக அதே சுரத்தைப் பாடிக்காட்டும்போது, மாணவிக்குச் சலிப்பு வருகிறதா, அல்லது ஒன்பதாவது முறை வேறு எப்படிச் சொல்லலாம் என்னும் யோசனை வருகிறதா என்பதைத் தந்தையும் வாசலில் நின்று கவனிக்கலாம்.